நேர்ந்துவிட்ட கத்தரிச்செடி

என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது என்று யாராவது சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். சொல்வது உண்மைதான். ஆனால் அதை நான் சொல்லலாம், மற்றவர்கள் சொல்லக் கூடாது. காளிராஜ் என்கிற அந்த மனுஷர் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டியே காதைத் தொலைத்தவர். மீசை முளைக்கிற வயதில் தறிக்கூடத்துக்குள் போய், தலை நரைத்து வெளியே வந்தார். நடுவில் அந்தக் கடகடச் சத்தம் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. நான் கத்தினால் கேட்கும். மற்றவர்கள் பேசினால் உதட்டைப் பார்த்துத் தலையாட்டுவார், பாதி தப்பாக.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவருக்கே தெரியாது. ரகசியம் சொல்கிறேன் என்று என் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாரென்றால் தெருமுனை டீக்கடையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். அவர் கிசுகிசுத்து நான் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமில்லை.

போன வருஷம் தறிக்கூடத்துக்காரர் தறிகளையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அன்றைக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்தான். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார், படுக்கச் சொன்னால் படுத்தார். ஏசினால்கூட பதிலுக்கு ஏசவில்லை. அதுதான் எனக்குப் பயமாகப் போயிற்று.

பட்ட காலிலேயே படும் என்பார்களே, அந்தத் தை மாதம் எனக்கு இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். இவர்தான் கையெழுத்துப் போட்டார். எடுத்துப் பரிசோதித்துவிட்டு, பயப்படுகிற மாதிரி இல்லை, ஆனால் ஆடிக் கடைசியில் வந்து திரும்பவும் காட்டுங்கள், மறுபடி வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊரில் நான் பித்தப்பையில் கல் என்று சொல்லி வைத்தேன். மார்பில் கட்டி என்றால் என்னைப் பாதி செத்தவளாகவே பார்ப்பார்கள். உச்சுக் கொட்டுகிற பார்வை எனக்கு ஆகவே ஆகாது.

உடம்பு தேறியதும் இவரைப் பார்த்துச் சொன்னேன். கரிவலம்வந்தநல்லூரில் எங்கள் அப்பா எனக்குக் கொடுத்த அரை ஏக்கர் கிணற்றோடு சும்மா கிடந்தது.

"வாங்க, கத்தரி போடுவோம்."

"எனக்கு என்னட்டி தெரியும்?"

"எனக்கு மட்டும் என்ன தெரியும்? எங்க அப்பா பருத்திக்காரரு. போட்டுப் பாத்துத் தெரிஞ்சுக்கிடுவோம்."

பங்குனியில் நாற்று நட்டோம். நட்ட மனுஷர் மாறிப்போனார். விடியும் முன்னால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்ப்பார், பேசுவார். அவர் கத்தரிச்செடியிடம் பேசுவது ரோட்டில் போகிற பஸ்ஸுக்குக் கேட்கும். கேட்கட்டுமே, அவர் வாயைத் திறந்தாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது.

சித்திரை போய் வைகாசி பிறந்த சமயம் ஒருநாள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மூன்றாவது பாத்தியில் ஒரு செடி. மற்றச் செடிகளெல்லாம் கையை விரித்துக்கொண்டு நிற்க, அது மட்டும் புதர் மாதிரி நெருக்கமாகக் கிளைத்திருந்தது. இலை விரல்நகம் அகலந்தான், ஆனால் இடைவெளி தெரியாமல் இலை.

"ஏட்டி மாரி, பாத்தியா? பாவு நெருக்கம்னா இதுதாம்ட்டி நெருக்கம். கண்ணு தெரியுதா பாரு, ஒரு ஓட்ட கெடையாது."

தறிக்காரர் கண்ணுக்கு எதுவும் நெருக்கமாக இருந்தால்தான் நல்லது. பாவு, அதாவது நெடுக்கே ஓடுகிற இழை, விலகி விலகி இருந்தால் கழிவு, அடர்த்தியாக இருந்தால் முதல் தரம். அந்தக் கண்ணோடு வயலைப் பார்த்தால் அந்தச் செடிதான் வயலுக்கே ராஜா. அதன் தண்டில் மஞ்சள் கயிறு ஒன்று கட்டியிருந்தார்.

"அம்மனுக்கு நேர்ந்து விட்டுட்டேன். இதுல காய்க்குத காய் பூராவும் தபசு அன்னைக்கு கோமதிக்குச் சூறை."

எங்கள் பக்கம் ஆடித்தபசு அன்று விவசாயிகள் அவரவர் வயலில் விளைந்ததை அம்மன் சப்பரத்தின் மேல் வாரி இறைப்பார்கள். பருத்தி, மிளகாய், காய்கறி, எது விளைந்ததோ அது. முதல் வெள்ளாமைக்காரருக்கு அந்த ஆசை வந்ததில் தப்பில்லை. எதற்காக நேர்ந்தீர்கள் என்று கேட்டேன். வெளியே சொல்லக் கூடாது என்று சிரித்துக்கொண்டே நழுவிவிட்டார்.

ஆனியில் மற்றச் செடிகள் பூத்து, பிஞ்சு விட்டு, காய்த்தன. ராஜா மட்டும் காய்க்கவில்லை. பூத்த நாலு பூவும் ஊதா நிறமாக இல்லாமல் இலை மாதிரிப் பச்சையாக நின்றன. இவர் அதற்குத் தனியாகக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். பிறகு பக்கத்துச் செடி புதராகத் தொடங்கியது. அதற்கடுத்தது. அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக. இவருக்குத் தலைகால் புரியவில்லை.

"அம்மன் பெருக்குதா பாருட்டி!"

காய்க்காத செடி பெருகினால் அது என்ன பெருக்கம்? அந்த வாரமே பக்கத்து வயல்காரர் வெள்ளத்துரை வரப்பில் நின்று கூப்பிட்டார்.

"மைனி, அண்ணன் கொண்டாடுத செடி ஏதோ சீக்கு மாதிரில்லா இருக்கு. இப்ப எனக்கும் வரப்போரமா ரெண்டு செடி அப்படி ஆயிட்டு. கோவிச்சுக்கிடாதிய, என்னன்னு பாருங்க."

வெள்ளத்துரை சாது. அவரே சொல்கிறார் என்றால் விஷயம் பெரிது. நான் ஒரு கொப்பை ஒடித்து கேரிபேக்கில் போட்டுக்கொண்டு சங்கரன்கோவில் தோட்டக்கலை ஆபீசுக்குப் போனேன். அங்கே யோகலட்சுமி என்று ஒரு ஆபீசர், என் சித்தி மகள் வயதுதான் இருக்கும். பையைத் திறந்து பார்த்தவள் பட்டென்று மூடினாள்.

"அக்கா, இது சிற்றிலை நோய். எத்தன செடில இருக்கு?"

"ஒண்ணுல ஆரம்பிச்சு இப்ப பத்துப் பதினஞ்சு தேறும். எங்க வீட்டுக்காரரு இதுதான் நல்ல செடின்னு குடம் குடமா தண்ணி ஊத்துதாரு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அடக்கியதால் எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

"அவர் மேல தப்பில்ல அக்கா. பாக்கத் தளதளன்னுதான் இருக்கும். பாக்டீரியா மாதிரி ஒரு கிருமி செடியோட சாறு ஓடுத குழாய்க்குள்ள போய் உக்காந்துக்கிடும். அப்புறம் செடி காய்க்கதையே மறந்துட்டு எலையா விட்டுத் தள்ளும். செடிய உலுக்கினா சின்னதா ஒரு பூச்சி தத்தித் தத்திப் போகுமே, பாத்திருக்கியளா?"

"ஆமா, கண்ணுலகூட வந்து விழும்."

"அந்தத் தத்துப்பூச்சிதான் இதுல சாறு குடிச்சிட்டு அடுத்த செடில போய்க் குத்தும். ஒரு தடவ கிருமி ஏறிட்டா அந்தப் பூச்சி சாகுத மட்டும் பரப்பிக்கிட்டே இருக்கும். நோய் வந்த செடிக்கு மருந்தே கெடையாது. பிடுங்கி எரிச்சிரணும். பிடுங்கும்போது மேல ஒரு துணியப் போட்டு மூடிக்கிட்டுப் பிடுங்குங்க, இல்லன்னா பூச்சி பூராவும் பக்கத்துச் செடிக்குத் தாவிரும். விட்டு வச்சியன்னா வயலே போயிரும் அக்கா."

வீட்டுக்கு வந்து இவரிடம் தொண்டை கட்டும்வரை கத்திச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார். நோய் கண்ட மற்றச் செடிகளைப் பிடுங்கச் சம்மதித்தார், முகம் வாடித்தான். ஆனால் அந்த ஒரு செடி மட்டும் கூடாதாம்.

"அதான் தாய்ச்செடி! அத விட்டுட்டு மத்தத பிடுங்குதது தும்ப விட்டு வாலப் பிடிச்ச கததான்!"

"நேர்ந்து விட்டதுட்டி. அதுல கை வைக்கப்படாது."

"சாமி குத்தமாயிரும்னு பயப்படுதியளா?"

"அதெல்லாம் ஒனக்குச் சொன்னா புரியாது."

கல்யாணமான நாளிலிருந்து நான் ஒன்று சொல்லி அவர் மறுத்ததில்லை. சாம்பாருக்கு என்ன காய் என்பதிலிருந்து மகனுக்கு எந்த ஊரில் பெண் எடுப்பது என்பது வரை என் இஷ்டந்தான். அப்படிப்பட்டவர் போயும் போயும் ஒரு மலட்டுக் கத்தரிச்செடிக்காக என்னோடு மல்லுக்கு நின்றார். எனக்கு ஆங்காரம் தலைக்கேறிவிட்டது. தாய்ச்செடி போகாமல் மற்றதைப் பிடுங்கிப் பிரயோசனமில்லை என்று எதையும் தொடவில்லை. பேச்சை நிறுத்தினேன். சோற்றை நங்கென்று வைத்தேன். நான் பேசாவிட்டால் அவருக்கு வீட்டில் வேறு சத்தமே கிடையாது என்பது அந்தக் கோபத்தில் எனக்கு உறைக்கவில்லை. நான் பேசாத மூன்று நாளும் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு வளைய வந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் தூக்குச்சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். வெள்ளத்துரை வயலில் ஏழெட்டுப் பெண்கள் காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒருத்தியும் பேசவில்லை. எல்லோரும் பறிக்கிற கையை நிறுத்திவிட்டு எங்கள் வயல் பக்கம் காதைக் கொடுத்திருந்தார்கள். கிணற்று மேட்டுக்கு வந்ததும் எனக்கும் கேட்டது. இவர் அந்தச் செடிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். ரகசியம் பேசிக்கொண்டிருந்தார்.

"தாயி, யாரு காதுலயும் விழாம ஒங்கிட்ட மட்டும் சொல்லுதேன். மாரிக்கு அது மறுபடி வந்துரப்படாது. இந்தச் செடி காய்ச்சு ஒன் சப்பரத்துல விழுந்துட்டா அவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சுத்தான நேர்ந்தேன்? இப்ப அவளே பிடுங்கச் சொல்லுதா. அவளுக்கு என்ன தெரியும், பாவம். வயல் பூராவும் போனாலும் போவட்டும். அவள மட்டும் விட்டுரு தாயி."

தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டேன். அடப் பாவி மனுஷா, இதையா மனசுக்குள் வைத்துக்கொண்டு மூன்று நாள் என் முறைப்பைத் தாங்கினாய்? அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் பின்னாலேயே கோபமும் வரும். வந்தது. விறுவிறுவென்று போய் அவருக்கு எதிரே நின்றேன். மெல்லச் சொன்னால் அவருக்குக் கேட்காது. அவருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னால் அந்த ஏழெட்டுப் பேருக்கும் கேட்கும். ராத்திரிக்குள் ஊருக்கே கேட்கும். ஒரு நிமிஷம் யோசித்தேன். கேட்டுத் தொலையட்டும்.

"ஏங்க! என் மாருல கட்டி இருந்திச்சுல்லா!"

அவர் பதறிப்போய் எழுந்தார். உதட்டில் விரலை வைத்தார்.

"ஏட்டி, மெதுவா பேசு! அங்கன ஆளுக நிக்கி!"

யார் யாரைப் பார்த்து மெதுவாகப் பேசச் சொல்வது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா!

"நிக்கட்டும்! டாக்டர் என்ன சொன்னாரு? கட்டியத் தடவிக் குடுத்து, தண்ணி ஊத்தி வளக்கச் சொன்னாரா? விட்டு வச்சா வம்பாயிரும், எடுத்துருவோம்னுதான சொன்னாரு? நீங்கதான கையெழுத்துப் போட்டிய? அன்னைக்கு நீங்க மாட்டேன்னு நின்னிருந்தா இன்னைக்கு நான் இங்கன நின்னு கத்திக்கிட்டு இருப்பனா?"

அவர் என் வாயையே பார்த்தார்.

"இதுவும் கட்டிதாங்க. வயலுக்கு வந்த கட்டி. எனக்குப் போட்ட கையெழுத்த இதுக்கும் போடுங்க."

"அம்மனுக்கு விட்டதாச்சே மாரி..." இந்தத் தடவை உண்மையிலேயே சின்னக் குரலாகத்தான் வந்தது.

"கோமதி என்ன வட்டிக்கடைக்காரியா, சொன்ன செடிலதான் காய் வேணும்னு நிக்கதுக்கு? ஊசி முனையில நின்னு தபசு இருந்த பொம்பள அவ. இன்னொரு பொம்பள கஷ்டம் அவளுக்குத் தெரியாமலா போவும்? அவகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க பிடுங்குங்க."

அவர் குனிந்து அந்த மஞ்சள் கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தார். என் இடது கையை இழுத்து மணிக்கட்டில் கட்டினார்.

"இது இங்கன இருக்கட்டும்," என்றார்.

தோளில் கிடந்த துண்டை உதறிச் செடியின் மேல் போட்டு, சின்னப் பிள்ளைக்குத் தலை துவட்டுகிற மாதிரி நாலா பக்கமும் ஒடுக்கிப் பிடித்தார். நான் அடித்தண்டைப் பிடித்தேன். இரண்டு பேருமாக இழுத்தோம். குடம் குடமாகத் தண்ணீர் குடித்த செடி, லேசில் வரவில்லை. வேரோடு வந்தபோது இவர் தடுமாறி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் காய் பறித்த பெண்கள் அத்தனை பேரும் எங்கள் வயலில் நிற்கிறார்கள். ஆளுக்கொரு சாக்கு கையில். உச்சுக் கொட்டுவார்கள், நாலு வார்த்தை ஏசி அனுப்பலாம் என்று நான் தயாராகத்தான் இருந்தேன். அதில் மூத்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இம்புட்டுத் தொண்ட இருக்குதவளுக்கு எந்தச் சீக்குட்டி கிட்ட வரும்? எந்திரி. எந்தெந்தச் செடின்னு காட்டு."

சாக்கைப் போர்த்திப் போர்த்திப் பிடுங்கினார்கள். வெள்ளத்துரையும் தன் வயல் செடிகளைக் கொண்டுவந்து சேர்த்தார். கிணற்றுக்குப் பின்னால் குழி வெட்டி எல்லாவற்றையும் போட்டு எரித்தோம். இவருடைய துண்டும் அதோடு போயிற்று. யோகலட்சுமி சொன்னபடி பூச்சி வந்து ஒட்டிக்கொள்ள மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி வயல் முழுக்க நட்டோம், வேப்பெண்ணெய் அடித்தோம். அப்படியும் அடுத்தடுத்த வாரங்களில் மேலும் சில செடிகள் புதராகின. அவற்றை இவரே கண்டுபிடித்தார், இவரே பிடுங்கினார். இப்போதெல்லாம் நெருக்கமாக எதைக் கண்டாலும் சந்தேகப்படுகிறார். அடுத்த வீட்டுத் துளசிச்செடியைக்கூட ஒருநாள் முறைத்துக்கொண்டு நின்றார். வயலில் முக்கால்வாசி தப்பித்தது. காய் நன்றாகவே காய்த்தது.

ஆடித்தபசு அன்று ஒரு பை நிறையக் கத்தரிக்காயோடு தெற்கு ரத வீதிக்குப் போனோம். காயெல்லாம் ராஜாவுக்கு அந்தப் பக்கம் நின்று தப்பிப் பிழைத்த ஒரு செடியில் பறித்தது. இவர்தான் அந்தச் செடியில் பறிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஊசி விழ இடமில்லாத கூட்டம். சப்பரம் பக்கத்தில் வந்தபோது பஞ்சும் மிளகாயும் தலைக்கு மேல் பறந்தன. இவர் காய்களை வாரி இறைத்தார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு அம்மனிடம் ரகசியம் சொல்ல ஆரம்பித்தார்.

"தாயி! நேர்ந்த செடியப் பிடுங்கிட்டேன், மனசுல வச்சுக்கிடாத! செவ்வாக்கெழம டாக்டர்ட்டப் போறோம்! அவ தொண்டையில ஒரு பொட்டுக்கூட கொறச்சிராத! இந்த ஒலகத்துல எனக்குக் கேக்குதது அந்த ஒரு சத்தந்தான் தாயி!"

சுற்றி நின்ற கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மெதுவாகப் பேசித் தொலையுங்களேன் என்று அதட்ட வாயைத் திறந்தேன். அதட்டாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பாளையங்கோட்டையில் டாக்டர் அழுத்தி அழுத்திப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மஞ்சள் கயிறு கட்டிய என் கையை நான் மடியில் மறைத்து வைத்திருந்தேன். கடைசியில் டாக்டர் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிச் சிரித்தார். இவர் டாக்டர் உதட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னட்டி சொல்லுதாரு?"

"ஒண்ணுமில்லையாம்! சுத்தமா இருக்காம்!"

என் சத்தத்தில் வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இவர் கண் நிறைந்துவிட்டது. காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"கேக்கல மாரி. இன்னொரு மட்டம் சொல்லு."

முதல் தடவையே கேட்டுவிட்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் போதும் என்கிற வரைக்கும் கத்திக் கத்திச் சொன்னேன்.